நெரிஸ் ஆடிய பூஜ்ஜிய நொடிகள்

சாம்பியன்ஷிப்பின் மூன்றாவது வாரத்தில், வேல்ஸ் பெண்கள் ரக்பி அணியின் முன்வரிசையில் வலது ஓரம் நிற்க ஆள் போதவில்லை. ஒருத்திக்கு முழங்கால் போனது. இன்னொருத்திக்குக் கழுத்து. ஹியூல்வென் மட்டும் நன்றாக இருந்தாள். ஆனால் அவளுக்கு மாற்றாக ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆட ஆள் இருந்து, உட்கார ஆள் இல்லையென்றால் அணி தண்டிக்கப்படும். ஆகவே நெரிஸ் ப்ராஸரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

அப்போது நெரிஸின் வலது கை முழங்கை வரை ஓர் ஆட்டுக்குள் இருந்தது. குட்டி பின்னங்காலை முன்னால் நீட்டிக்கொண்டு வர மறுத்தது. அவள் கணவன் எமிர் தொலைபேசியை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அணி மேலாளர் பெதன் வியாழக்கிழமை முகாமுக்கு வரச் சொன்னாள். ஆட விடுவீர்களா என்று நெரிஸ் கேட்டாள்.

“உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன், நெரிஸ். உக்காரத்தான் கூப்பிடறோம்.”

உட்காருவதில் நெரிஸுக்கு நல்ல அனுபவம் இருந்தது. ஆறு ஆண்டுகள் தேசிய அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மழையில், பனியில், ஒருமுறை இத்தாலியில் நல்ல வெயிலிலும். ஒருமுறைகூட யாரும் அவளை எழுந்திருக்கச் சொன்னதில்லை.

நாட்டுக்காக ஒரு தடவை களத்தில் இறங்கிவிட்டால் ஒரு தொப்பி தருவார்கள். வெல்வெட் தொப்பி, மேலே குஞ்சம். அதை யாரும் தலையில் வைப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெட்டியைச் சுவரில் மாட்டுவார்கள். வாழ்நாளுக்கு ஒன்றுதான். நெரிஸ் ஆடும் எங்கள் ஊர்க் கிளப்பின் மதுக்கூடச் சுவரில் நான்கு இருக்கின்றன. ஒரு கசாப்புக்காரர், சுரங்கத்தில் வேலை பார்த்த அண்ணன் தம்பி, ஒரு கணக்கு வாத்தியார். நெரிஸ் முதல் தடவை பெஞ்சுக்குப் போன வருடமே ஐந்தாவதற்கு ஓர் ஆணி அடித்துவிட்டார்கள். அதில் இப்போது யாரோ ஒருவரின் குடை தொங்குகிறது.

நாட்டுக்கு ஆடினாயா என்று சந்தையில், வங்கியில், கால்நடை மருந்துக் கடையில் கேட்பார்கள். “கூட இருந்தேன்” என்பாள் நெரிஸ். கேட்டவர்கள் உடனே வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஆறு ஆண்டுகளாக அவள் சொல்ல விரும்பியது ஒரே ஒரு சொல். ஆடினேன். வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. ஆட்டத்துக்குப் பிறகு வலித்த தோள் இப்போது ஆட்டத்துக்கு முன்பே வலிக்க ஆரம்பித்திருந்தது. இனி ஒரு பருவம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

ஆடுகள் ஈனும் காலத்தில் எந்தப் பண்ணைக்காரியும் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. எமிர் போகச் சொன்னான். அவள் போனாள்.

முகாமின் முதல் மதியம் பந்து கண்ணில் படவில்லை. அதற்குப் பதிலாகப் பண்புப் பட்டறை நடந்தது. சாம்பியன்ஷிப்புக்கு ஐந்து பண்புகள் உண்டு என்று ஓர் இளைஞன் திரையில் காட்டினான். மரியாதை, ஒற்றுமை, ஒழுக்கம், ஆர்வம், காப்பீடு. கடைசியானது இந்த ஆண்டுதான் பண்பானது. போட்டிக்குப் பணம் கொடுப்பது ஒரு காப்பீட்டு நிறுவனம். காலையில் கண் விழித்தபோது எந்தப் பண்பை உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நெரிஸ் முந்தின இரவு படுக்கவே இல்லை என்பதால் கண் விழிக்கவும் இல்லை. அதைச் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்து, ஆர்வம் என்று எழுதிக்கொண்டான்.

ஆட்ட நாளன்று இரண்டு பேருந்துகள் புறப்பட்டன. முதல் பேருந்தில் போட்டியை நடத்தும் மன்றத்தின் உறுப்பினர்கள், சின்னம் பொறித்த பிளேசர் கோட்டு அணிந்து. அதற்கு முன்னால் இரண்டு போலீஸ் மோட்டார் சைக்கிள்கள். இரண்டாவது பேருந்தில் அணி. மோட்டார் சைக்கிள்கள் முதல் பேருந்தைக் கூட்டிக்கொண்டு சிக்னலைக் கடந்துபோயின. அணி ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் நின்றது. குப்பைக்காரர்கள் நிதானமானவர்கள். அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உடலைச் சூடுபடுத்தும் பயிற்சிக்கு நேரம் இல்லை. அதைக் கைவிட்டார்கள். உரையைக் கைவிடவில்லை.

மன்றத்தின் துணைத் தலைவர் உடைமாற்றும் அறைக்கு வந்து ஒவ்வொருவருக்கும் சட்டையைக் கையில் கொடுத்தார். பிறகு பேசினார். நாற்பது ஆண்டுகளாக இந்த விளையாட்டுக்குச் சேவை செய்கிறாராம். பெண்கள் ஆடி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லையாம். அதனால்தான் தன்னால் எந்தப் பாரபட்சமும் இல்லாமல் வாழ்த்த முடிகிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியதில் கொஞ்சம் உடல் சூடானது.

எதிரணி ஸ்காட்லாந்து. மழை காலையிலிருந்தே பெய்துகொண்டிருந்தது. நெரிஸ் பெஞ்சில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எமிர் அனுப்பிய செய்திகள் பையில் சேர்ந்துகொண்டிருந்தன. எழுபத்தெட்டாவது நிமிடத்தில், ஸ்காட்லாந்து நான்கு புள்ளி முன்னால் இருக்கும்போது, ஒரு ஸ்க்ரம் தரப்பட்டது. எட்டுப் பேர் குனிந்து எதிரே எட்டுப் பேரோடு தலை கோத்துத் தள்ளுவார்கள். நடுவில் பந்தை உருட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். அது சரிந்து எழும்போது ஹியூல்வெனின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ரத்தம் நிற்கும் வரை அவள் வெளியே இருக்க வேண்டும்.

பெதன் திரும்பிப் பார்த்தாள். நெரிஸ் ஏற்கெனவே போர்வையை உதறிவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

களத்தில் அவளுக்கு எதிரே இஷ்பெல் கெடெஸ் குனிந்திருந்தாள். ஸ்காட்லாந்துக்காகப் பல ஆண்டுகள் ஆடியவள். இருவரின் தலைகளும் கோத்துக்கொண்டன. ஒருத்தியின் காது இன்னொருத்தியின் கன்னத்தில் பதிந்தது. நடுவர் கை காட்டினார். பதினாறு பேரும் மோதினார்கள். பந்து உள்ளே வருவதற்கு முன் எல்லாம் சரிந்தது.

மறுபடி ஸ்க்ரம் கட்டினார்கள். மறுபடி சரிந்தது.

நடுவர் இரண்டு அணித் தலைவிகளையும் அழைத்து விளக்கினார். முழங்கை எங்கே இருக்க வேண்டும், தோள் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், முதுகு எந்தக் கோணத்தில். அவருக்கு ஐம்பது கிலோ எடை இருக்கலாம். வாழ்நாளில் ஒரு ஸ்க்ரத்துக்குள் தலையை விட்டதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. காதுகள் இரண்டும் நசுங்காமல் முழுதாக இருந்தன. அவர் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் முன்வரிசைகள் பாதி குனிந்தபடி காத்திருந்தன.

“உம்மேல ஆட்டு வாசனை அடிக்குது,” என்றாள் இஷ்பெல், தரையைப் பார்த்தபடி.

“குளிச்சிட்டுத்தான் வந்தேன்.”

“குறை சொல்லலடீ. வீட்டு நெனப்பு வந்துருச்சு. குட்டி போட்டு முடிஞ்சுதா உங்களுக்கு?”

“பாதிதான். நிறைய மூணு மூணாப் போடுது.”

“மூணா. பால் பத்துமா?”

“பத்தல. அவரு புட்டியோட உக்காந்திருக்காரு.”

“எங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கல. மேல பனி இருக்கு. சரி, வர்றான். குனி.”

குனிந்தார்கள். இந்த முறை அவர்கள் காலடியில் புல்தரை அப்படியே கழன்று வந்தது. நடுவர் வந்து காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு ஓர் அலுவலர் வந்து மிதித்துப் பார்த்தார். இருவரும் சேர்ந்து ஒருமுறை மிதித்தார்கள். அரங்கத் திரையில் காப்பீட்டு விளம்பரம் ஓடியது. மறுபடி கட்டினார்கள், மறுபடி சரிந்தது. நெரிஸின் விலாவில் ஏதோ ஒன்று மெல்லிய சத்தத்தோடு விலகியது. எழுந்து, சேற்றைத் துப்பிவிட்டு, மறுபடி குனிந்தாள். கடைசியாக ஒரு முறை சரிந்து, இரண்டு முன்வரிசைகளும் குவியலாகக் கிடந்தபோது, மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஹியூல்வென் ஓடி வந்தாள். நெரிஸ் வெளியேறினாள். எங்கள் கிளப்பிலிருந்து வந்தவர்கள் மட்டும் எழுந்து நின்று கத்தினார்கள்.

அடுத்த ஸ்க்ரத்தில் பந்து உள்ளே போய், வெளியே வந்தது. ஸ்காட்லாந்து மிச்சமிருந்த நேரத்தைக் கடத்திவிட்டு அதை எல்லைக்கு வெளியே உதைத்தது. ஆட்டம் முடிந்தது. வேல்ஸ் தோற்றது. நெரிஸ் பெஞ்சில் உட்கார்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்தாள்.

அன்றைய விருந்தில் புதிதாக ஆடியவர்களுக்குத் தொப்பி தருவது வழக்கம். ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அது நெரிஸின் பெயர் இல்லை. இறுதியில் காப்பீட்டு நிறுவனத்தின் மூன்று மேலாளர்களுக்குக் கௌரவத் தொப்பி கொடுத்தார்கள். அதோடு மேடை விளக்கு அணைந்தது.

பெதன் எழுந்து பிளேசர்கள் இருந்த மேசைக்குப் போனாள். திரும்பி வரும்போதே அவள் நடை மாறியிருந்தது.

விஷயம் இதுதான். இந்த ஆண்டிலிருந்து, ஸ்க்ரம் சரியும்போதெல்லாம் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டுகிறது என்று புகார். பந்து உள்ளே உருளும் நொடியில்தான் மறுபடி ஓட விடுவார்கள். நெரிஸ் களத்தில் இருந்தவரை பந்து உள்ளே உருளவே இல்லை. அவள் இறங்குவதற்கு முன்பே நின்ற கடிகாரம் அவள் வெளியேறிய பிறகுதான் ஓடியது. அதிகாரபூர்வமாக நெரிஸ் ப்ராஸர் ஆடிய நேரம் பூஜ்ஜிய நொடி. பூஜ்ஜிய நொடிக்குத் தொப்பி கிடையாது. இதைத் தொப்பிக் குழு இனிப்பு வருவதற்கு முன்பே கூடித் தீர்மானித்துவிட்டது.

“வேணும்னா மேல்முறையீடு செய்யலாமாம்,” என்றாள் பெதன். “யார்கிட்டன்னு கேட்டேன். அவங்ககிட்டயேதானாம்.”

நெரிஸ் மேல்முறையீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள். விலாவில் கட்டோடு ஆடுகளைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மறுபடி தொலைபேசி வந்தது. இந்த முறை ஒழுங்குக் குழுவின் செயலாளர். ஆட்டத்தின் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில், கடைசி ஸ்க்ரத்தில் நெரிஸின் முழங்கை எதிராளியைக் கீழே இழுப்பதுபோல் தெரிகிறதாம். ஸ்க்ரத்தை வேண்டுமென்றே சரித்தல். ஆபத்தான குற்றம். மூன்று ஆட்டத் தடை விதிக்கப்படலாம். தலைநகர் கார்டிஃபில் ஒரு விடுதியில் விசாரணை. மேல்முறையீட்டையும் அதே நாளில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு முறை எரிபொருள் செலவு செய்ய வேண்டாமே என்று அவர் அக்கறையோடு சொன்னார்.

நான் ஆடவே இல்லை என்று உங்கள் ஆட்கள்தான் சொன்னார்கள் என்றாள் நெரிஸ். அது தொப்பிக் குழு, இது ஒழுங்குக் குழு, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றார் செயலாளர்.

அவள் சொல்லி முடித்ததும் எமிர் குட்டியின் வாயிலிருந்து புட்டியை எடுக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தான்.

“நெரிஸ், நீ தப்பு செஞ்சேன்னு ஒத்துக்க.”

“செய்யலையே.”

“செஞ்சேன்னு சொல்லு. ஆட்டத்துல குத்தம் செஞ்சவ ஆட்டத்துல இருந்தாத்தானே செஞ்சிருக்க முடியும்? ஒரு குழு உனக்குத் தண்டனை குடுத்துட்டா, இன்னொரு குழு நீ ஆடலைன்னு எப்படிச் சொல்லும்?”

“மூணு ஆட்டம் தடை போடுவாங்க.”

“போடட்டும். அதுக்கப்புறம் நீ எங்க ஆடப் போற?”

நெரிஸ் வாழ்நாளில் யாரையும் கீழே இழுத்ததில்லை. எங்கள் பக்கத்தில் முன்வரிசைப் பெண்ணைப் பற்றிச் சொல்லக்கூடிய கேவலமான சொல் அதுதான். தள்ள முடியாதவள்தான் இழுப்பாள் என்பார்கள். இரண்டு நாள் ஆடுகளோடே கிடந்தாள். மூன்றாம் நாள், சரி என்றாள்.

விடுதியில் நீளமான மேசை. பின்னால் மூன்று பேர், கடல் நீல பிளேசரில். நடுவில் தலைவர் டெஸ்மண்ட் ஆஷ்வெல். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், கண்ணை மூடியிருந்தார். இன்னொரு பக்கம் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், நெரிஸ் பேசும்போதெல்லாம் அவள் வாயையே பார்த்தார். அறையின் மூலையில் ஒரு தாங்கியில் மூன்று மெரூன் பிளேசர்கள் தொங்கின.

கடிகாரம் நின்றிருந்தது என்பதை நினைவூட்டலாமா என்று பெதன் பணிவாகக் கேட்டாள். ஆஷ்வெல் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார்.

“நேரம் நிக்கலாம்மா. ஒழுக்கம் நிக்காது. பேருந்து உள்ள வர்றதுலேர்ந்து வெளிய போற வரைக்கும் எங்க குழுவோட பார்வை இருக்கு. ஒழுக்கம்கறது என்ன? கேமரா பார்க்கறப்போ நாம எப்படி நடந்துக்கறோம்கறதுதான். நானே ஒரு காலத்துல ஒருத்தர் காதைக் கடிச்சிருக்கேன். பாதி வந்துருச்சு. ஆனா அப்ப கேமரா இல்ல. அதனால அப்படி ஒண்ணு நடக்கல. நடந்திருந்தா நான் இந்த நாற்காலியில உக்கார முடியுமா?”

பல் மருத்துவர் தலையசைத்தார்.

நெரிஸ் எழுந்து, குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொன்னாள். நான்தான் இழுத்தேன். வேண்டுமென்றே இழுத்தேன். தடையை ஏற்றுக்கொள்கிறேன்.

மேசையில் சங்கடம் பரவியது. இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. மதியம் வரை விசாரணை நடக்கும் என்று உணவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வழக்கறிஞர் கண்ணைத் திறந்து, சாட்சியை வரவழைத்துவிட்டு விசாரிக்காமல் அனுப்புவது மரியாதை என்ற பண்புக்கு விரோதம் என்றார். நெரிஸுக்குச் சாட்சி இருப்பதே தெரியாது.

சுவரில் இருந்த திரை ஒளிர்ந்தது. இஷ்பெல் கெடெஸ் ஒரு கொட்டகையில் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆடு முனகிக்கொண்டிருந்தது. அவள் ஊர்ப் பக்கம் பனி உருகிவிட்டது என்று நெரிஸ் புரிந்துகொண்டாள்.

குழு கேள்வி கேட்கும்வரை இஷ்பெல் காத்திருக்கவில்லை. அந்தப் பொண்ணை விட்டுவிடுங்கள் என்றாள். இழுத்தது நான். முழங்கையைப் பிடித்து நான் இழுத்ததில்தான் அவள் கை அப்படித் தெரிகிறது. இந்தக் கோடையோடு ஆட்டத்தை விடப்போகிறேன், எனக்கு எத்தனை தடை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அவளுடைய பேரைக் கெடுக்காதீர்கள்.

நெரிஸ் எழுந்து நின்றாள். விலா வலித்தது.

“அவ பொய் சொல்றா சார். நான்தான் இழுத்தேன்.”

“உனக்கு என்ன பைத்தியமாடீ?” என்றது திரை. “உன்னைக் காப்பாத்தலாம்னு பாத்தா.”

“என்னைக் காப்பாத்தாத. பேசாம இரு.”

“ஏன் பேசாம இருக்கணும்? செஞ்சவ நானு.”

“நீ செய்யல. நான் செஞ்சேன். ஆட்டைப் பாரு போ.”

“அதுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

பிளேசர்கள் தலையை ஒன்றாக வைத்து ஆலோசித்தார்கள். மூவரும் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஆஷ்வெல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பல் மருத்துவர் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். ஒரு பொருளை இருவர் சமமான விசையோடு எதிரெதிர்த் திசையில் இழுத்தால் நிகர விசை பூஜ்ஜியம் என்றார். இருவரும் ஒரே திசையில்தானே, கீழே, இழுத்ததாகச் சொல்கிறார்கள் என்று பெதன் கேட்டாள். அது வேறு குழுவின் விஷயம் என்றார் அவர்.

ஆக, இரண்டு ஒப்புதல்களும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. குற்றம் எதுவும் நடக்கவில்லை. இருவரும் நிரபராதிகள். சாம்பியன்ஷிப்பின் ஐந்து பண்புகளில் குறைந்தது நான்கு இந்த அறையில் இன்று வெளிப்பட்டன என்று ஆஷ்வெல் அறிவித்தார். புகைப்படக்காரர் ஒருவர் வந்து, திரையில் இருந்த இஷ்பெலோடு நெரிஸ் கை குலுக்குவதுபோல் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். நெரிஸ் திரைக்கு அருகே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அதற்குள் இஷ்பெல் ஆட்டிடம் போய்விட்டிருந்தாள். படத்தில் வைக்கோல்தான் விழுந்திருக்கும்.

தேநீர் வந்தது. நீல பிளேசர்களைக் கழற்றித் தாங்கியில் மாட்டினார்கள். சட்டையோடு இருந்தபோது ஆஷ்வெல் வேறு ஆள். கொஞ்சம் கூன் இருந்தது. கேக் தட்டை எடுத்துக்கொண்டு நெரிஸிடம் வந்தார்.

“விலா எப்படிம்மா இருக்கு?”

பரவாயில்லை என்றாள்.

“அன்னிக்கு நான் அஞ்சாவது வரிசையில உக்காந்திருந்தேன். பார்த்தேன். பாவம், என்ன அடி. விழுந்து விழுந்து எழுந்திரிச்சே. இந்தப் பருவத்துல நான் பார்த்த நல்ல முன்வரிசை ஆட்டம் அதுதான்.”

“அப்ப நான் ஆடினேனா சார்?”

“ஆடாம? யார் இல்லைன்னா?”

பதில் சொல்ல நெரிஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் செயலாளர் மணி அடித்தார். மூவரும் மெரூன் பிளேசர்களை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ஆஷ்வெல் நிமிர்ந்தார். எதிரே நின்றவளைப் புதிதாகப் பார்த்தார்.

“வாங்க, உக்காருங்க. பேரு?”

நெரிஸ் பெயரைச் சொன்னாள்.

“தொப்பிக் குழுவுக்கு முன்னால இது உங்க முதல் முறை. பயப்பட வேண்டாம். என்ன கோரிக்கை?”

சற்று முன் இதே அறையில் நீங்களே சொன்னீர்களே என்று அவள் தொடங்கினாள். தேநீர் நேரத்தில் சொன்னது எந்தக் குழுவையும் கட்டுப்படுத்தாது என்று வழக்கறிஞர் கண்ணை மூடியபடியே சொன்னார். ஒழுங்குக் குழு விசாரித்ததே நான் ஆடினேன் என்பதால்தானே என்று கேட்டாள். ஒழுங்குக் குழுவின் தீர்ப்பு எங்களுக்கும் கிடைத்தது என்றார் ஆஷ்வெல், கொஞ்சம் பெருமையாக. மிகச் சிறந்த தீர்ப்பு. அதன்படி அந்த ஸ்க்ரத்தில் நீங்கள் எதுவும் செய்யவில்லை.

“எதுவுமே செய்யாதவங்களுக்கு எப்படிம்மா தொப்பி குடுக்கறது?”

விலா எலும்பு உடைந்திருக்கிறது என்றாள் நெரிஸ். விலா எலும்பு மருத்துவக் குழுவின் விஷயம்.

“அப்ப நான் எங்க இருந்தேன் சார்?”

“மைதானத்துல இருந்தீங்க. ஆட்டத்துல இல்ல.”

நெரிஸுக்குக் கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அன்று விருந்தில் காப்பீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தீர்களே. அவர்கள் எத்தனை நொடி ஆடினார்கள்?

மெரூன் பிளேசர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். சிறு பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்கும் என்பதுபோல.

“அது கௌரவத் தொப்பி. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, இவங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. நாங்க ஒரு நாளும் நாட்டுக்கு ஆடினதில்ல. கௌரவத்துக்குக் கடிகாரம் கிடையாது. ஆட்டக்காரங்க மட்டும் இருந்தா இது வெறும் விளையாட்டும்மா. எங்களை மாதிரி ஆடாதவங்கதான் இதை ஒரு நிறுவனமா ஆக்கினோம்.”

“அப்ப எனக்கும் கௌரவத் தொப்பியே குடுங்க.”

இதை அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. எந்தத் தொப்பி என்பதைப் பற்றிக் கவலைப்படும் நிலையை அவள் கடந்துவிட்டிருந்தாள். ஆஷ்வெல் அதைப் புரிந்துகொண்டார் என்றுதான் தோன்றியது. குரலைத் தணித்தார்.

“மனசார குடுக்கணும்னு ஆசைதான். ஆனா கௌரவத் தொப்பி, களத்துல ஒரு நாளும் காலே வெக்காதவங்களுக்கு மட்டும்தான். நீங்க வெச்சுட்டீங்களே.”

பிறகு எழுந்து நிறைவுரை ஆற்றினார். எந்த வீராங்கனையும் இவ்வளவு தூய்மையான பெயரோடு இந்த அறையை விட்டுப் போனதில்லை. தடை இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு கறை இல்லை. சாம்பியன்ஷிப்பின் வரலாற்றை எவ்வளவு தேடினாலும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. வழக்கறிஞர் கண்ணைத் திறந்து கை தட்டினார். மூன்று பேரும் உணவுக்குப் போனார்கள்.

பெதன் நெரிஸின் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

வாகன நிறுத்துமிடத்தில் மழை விட்டிருந்தது. நெரிஸ் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். தொலைபேசி அடித்தது. இஷ்பெல். பெதனிடம் எண் வாங்கியிருக்கிறாள். விஷயமும் பெதன் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது.

“தொப்பிக்காகவா ஒத்துக்கிட்ட?”

“ஆமா.”

“எனக்குத் தெரியாதுடீ. தடை போட்டா உன் பருவம் போயிருமேன்னு நெனச்சேன்.”

“தெரியும். நல்லதுக்குத்தான் செஞ்ச.”

அந்தப் பக்கத்திலிருந்து வைக்கோல் சரசரப்பதும், ஏதோ ஈரமான ஒன்று மூச்சுவிடப் பழகுவதும் கேட்டன.

“ஒண்ணா?” என்றாள் நெரிஸ்.

“ரெண்டு. ரெண்டாவது இப்பதான் வந்துச்சு. நல்லா இருக்கு.”

“வாயைத் துடைச்சு விடு.”

“விட்டாச்சு.” இஷ்பெல் தயங்கினாள். “நெரிஸ், கேக்கறேன்னு நெனச்சுக்காத. நீ நெசமாவே இழுத்தியா?”

“இல்ல. நீ இழுத்ததா சொன்னியே. அது நெசமா?”

“எங்க இழுத்தேன். காலுக்குக் கீழ புல்லு பாய் மாதிரி சுருண்டு வந்துச்சு. எல்லாரும் அதோட போனோம்.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

“அப்ப யாருமே எதுவும் செய்யல.”

“செய்யல.”

“அடக் கடவுளே,” என்றாள் இஷ்பெல் மெதுவாக. “அப்ப அவனுங்க தீர்ப்பு சரிதான்டீ.”

காலையிலிருந்து அந்த அறையில் சொன்னதையெல்லாம் நெரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தே கேட்டிருந்தாள். இதைக் கேட்டதும்தான் நெற்றியை ஸ்டீயரிங்மேல் சாய்த்தாள்.